நரம்புக்கு நரம்பு சேதி போவது எப்படி? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து மக்கள் கேட்ட கேள்விகள் இவை. முப்பது வருடம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, படிவம் 5 படிக்கும் என் மகன் மூளையில் ஓடுவது மின்சாரம் என்கிறான். நீங்கள் ரசாயனம் என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரிதான், அம்மா. ஒரு நரம்பணுவுக்குள் சேதி மின்துடிப்பாக ஓடுகிறது. முனைக்கு வந்ததும் அடுத்த அணுவுக்கு முன்னால் 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி. பெரும்பாலான இடங்களில் மின்துடிப்பு அதைத் தாண்டாது. முனையில் உள்ள குட்டிப் பைகள் திறந்து ரசாயனத்தைக் கொட்டும். எதிர்ப்பக்கத்தில் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கும். பூட்டில் சாவி போலப் பொருந்தினால்தான் சேதி சேரும்.

1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அந்த நீரை எடுத்து இரண்டாவதுக்கு விட்டார். நரம்பை யாரும் தொடாத அந்த இதயமும் மெதுவானது! நீரில் இருந்தது, நரம்பு முனை கொட்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். 1936-இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு. இதில் எனக்கு இன்றும் மலைப்புத் தருவது, இதயத்தை மெதுவாக்கும் அதே பொருள்தான் கைகால் தசையைச் சுருங்க வைக்கிறது என்பது. சாவி ஒன்றுதான், பூட்டு வேறு.

அண்ணே, செம்பனையில் மருந்தடிக்கிறேன். பூச்சிமருந்து நரம்பைத் தாக்கும் என்கிறார்களே?

ஆர்கனோபாஸ்பேட் வகை தாக்கும், தம்பி. அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். சாவி பூட்டிலேயே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கும். எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்ணின் பாவை குண்டூசி முனையாகச் சுருங்கும், கண்ணிமையும் கெண்டைக்கால் சதையும் தானாகத் துடிக்கும். அப்புறம் தசை தளர்ந்து மூச்சே நிற்கலாம். உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருந்து லேபிளையும் எடுத்துப் போங்கள். அங்கே போடும் அட்ரோபின், சில ஏற்பிகளை அடைத்து எச்சிலையும் சளியையும் நிறுத்தி, குறைந்த இதயத் துடிப்பை மீட்கும். 2020-இல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியின் விஷம் வேறு வகை, அது நுரையீரலைக் கெடுப்பது. அதனால்தான் லேபிள் முக்கியம் என்கிறேன்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நடுக்கம். சில நாள் மாத்திரை வேலையே செய்வதில்லை.

அவருக்குக் குறைவது டோபமின் என்ற மூளை ரசாயனம். அதை அப்படியே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபாவாகக் கொடுத்தால் நுழைந்து அங்கே டோபமினாக மாறும். ஆனால் இறைச்சி, முட்டை, பருப்பில் உள்ள புரதமும் அதே வாசலில்தான் முண்டியடிக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்பு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

கோப்பி-ஓ குடித்தால் தூக்கம் ஏன் ஓடிவிடுகிறது?

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து தூக்கம் வரவைப்பது அடினோசின். அதன் பூட்டில் காஃபின் போய் அடைத்துக்கொள்ளும், ஆனால் திறக்காது.

வீட்டுக்காரர் சம்சு குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறது. ஒரு மடக்கு விட்டால் நின்றுவிடுகிறது. நடிக்கிறாரா ஐயா?

இல்லை தங்கச்சி, சத்தியமாக நடிப்பில்லை. சாராயம், மூளையை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் ஏற்பிகளுக்குக் கைகொடுத்து, தூண்டிவிடும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தின் ஏற்பிகளை அமுக்குகிறது. வருடக்கணக்கில் குடித்தால் மூளை ஈடுகட்டத் தூண்டும் பக்கத்தைப் பலமாக்கிக்கொள்ளும். திடீரென்று குடி நின்றால் தூண்டல் மட்டும் கட்டவிழ்ந்து ஓடும். நடுக்கம் அதன் ஆரம்பம்தான். வலிப்பும் பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். அதனால் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். திட்டாமல் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போய், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக என்பதைக் கூச்சப்படாமல், குறைக்காமல் சொல்லுங்கள்.