ஆறாவது இடத்தில் ஆடுபவள் யார்? அமெரிக்கக் கல்லூரி மகளிர் டென்னிஸ், கேள்வி பதில்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது; முதல் டிவிஷன்தான் மேல்மட்டம். அதில் ஒரு இரண்டாம் டிவிஷன் கல்லூரிக்காக நான்கு வருடம் ஆடினேன். அப்புறம் மூன்று வருடம் அங்கேயே துணை கோச். ஆள் சேர்ப்பதுதான் என் முக்கிய வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மகள் டல்லாஸில் பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் முதலிடம். கோச்சுகள் தாமாகத் தேடி வருவார்களா?

வர மாட்டார்கள். பள்ளி அணி வெற்றிகளை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பார்ப்பது யுடிஆர், டபிள்யூடிஎன் (இரண்டுமே ஆடுபவரின் தரத்தை எண்ணில் சொல்லும் அளவுகள்), அமெரிக்க டென்னிஸ் சங்கமான யுஎஸ்டிஏவின் போட்டிகள், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் ஜூனியர் முடிவுகள். யுடிஆர் 1இல் தொடங்கி 16.5 வரை ஏறும். டபிள்யூடிஎன் 40இல் தொடங்கி 1 வரை இறங்கும்; அதில் 1தான் உச்சம். முதலில் எல்லாருமே குழம்புவார்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். முதல் டிவிஷன் கோச் உங்கள் மகளுக்குப் பதில் எழுதலாம் என்ற நிலை பத்தாம் வகுப்பு முடிந்தபின், ஜூன் 15 அன்றுதான் வருகிறது. கல்லூரி செலவில் நேரில் போய்ப் பார்ப்பது அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல். அதற்கு முன் அவள் மெயில் போடலாம். பதில் வராது, ஆனால் படிப்பார்கள்.

அக்கா, நான் கோயம்புத்தூர், +1. மெயிலில் என்ன எழுதுவது?

முதல் விஷயம், நீயே எழுது. அப்பா எழுதிய மெயிலை இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். பிறந்த வருடம், பள்ளி முடிக்கும் மாதம், மதிப்பெண், யுடிஆர் லிங்க், வீடியோ லிங்க் ஆகியவற்றோடு, ஏன் இந்தக் கல்லூரி என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். வேறு கல்லூரியின் பெயர் அப்படியே ஒட்டியிருந்த மெயில்கள் எனக்கு எத்தனை வந்திருக்கின்றன தெரியுமா!

வீடியோவில் பாட்டு வேண்டாம், ஸ்லோ மோஷன் வேண்டாம். கோர்ட்டின் பின்பக்கத்திலிருந்து எடுத்த பத்து நிமிட நிஜ மேட்ச் போதும். தோற்ற பாயிண்ட்களை வெட்டாதே. தவறுக்குப் பிறகு தோள் தொங்குகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த வீடியோவே.

என்சிஏஏ தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். முதல் டிவிஷனுக்கு 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் நாலுக்கு 2.3 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்).

முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

முன்பு முதல் டிவிஷன் மகளிர் அணிக்கு எட்டு ஸ்காலர்ஷிப். கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த எண்ணிக்கை போய்விட்டது. அணிக்கு 10 பேர் என்று வரம்பு வந்தது; பணத்தைத் துண்டு போட்டும் தரலாம். அதனால் "ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்று சொன்னால் எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு, காயம் பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் டிவிஷனில் ஒரு அணிக்கு ஆறு ஸ்காலர்ஷிப் அளவுக்கான பணம். அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் டிவிஷனிலும் ஐவி லீக்கிலும் (ஹார்வர்ட், யேல் போன்றவை) விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் அங்கே வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி சில வீடுகளுக்கு இதைவிட அதிகமாக வரும். "மூன்றாம் டிவிஷனா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர், அதே டிவிஷனில் இருக்கும் எமரி பல்கலைக்கழக அணி ஆடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

அணியின் பக்கத்தைத் திறந்து ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுபவர்களின் யுடிஆரைப் பாருங்கள். முதல் இடத்துக்காரியைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு கல்லூரி அணிகள் மோதும்போது மூன்று டபுள்ஸ் சேர்ந்து ஒரு பாயிண்ட், ஆறு சிங்கிள்ஸ் ஆளுக்கு ஒன்று. நான்கு எடுத்தால் வெற்றி. ஆக பத்துப் பேரில் நாலு பேருக்கு சிங்கிள்ஸ் கிடையாது. உங்கள் பெண் முதல் வருடமே அந்த ஆறுக்குள் வருவாளா, இல்லை இரண்டு வருடம் கைதட்டிக்கொண்டு நிற்பாளா? யார் எந்த வருடம் படிப்பு முடித்துப் போகிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தக் காலி இடத்துக்கு இப்போது வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது வயதுப் பெண்ணும் போட்டி.

கோச்சை மட்டும் நம்பிச் சேராதீர்கள். என்னைச் சேர்த்த தலைமைக் கோச், நான் போய் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவருக்கு என் பெயரே தெரியாது. முதல் வருடம் முழுக்க நான் டபுள்ஸ் மட்டும்தான். படிப்பு பிடித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

போட்டியில் ஜெயித்த பணத்தை வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடுமா?

நான் வேலையில் இருந்தபோது முதல் டிவிஷன் விதி இது: கல்லூரியில் சேரும் முன் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வாங்கலாம், அதற்கு மேல் உண்மையான செலவுக்கு மட்டும். 2021 யுஎஸ் ஓபன் பரிசில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த கல்லூரி ஆட்டக்காரி ரீஸ் பிரான்ட்மையர் 2024இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். எனவே காசோலையைத் தொடும் முன் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் கேளுங்கள். பயண ரசீது, கோச் ஃபீஸ் ரசீது எல்லாம் பத்திரம்.

கல்லூரிக்குப் போனால் புரொஃபஷனல் கனவு முடிந்ததா?

டேனியல் காலின்ஸ் ஃபுளோரிடாவில் சேர்ந்து, வர்ஜீனியாவுக்கு மாறி, 2014லும் 2016லும் என்சிஏஏ சிங்கிள்ஸ் பட்டம் எடுத்தார். 2022இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப்போட்டி வரை போனார். எம்மா நவாரோவும் வர்ஜீனியாதான், 2021 சாம்பியன்.

என் மகளின் யுடிஆர் 6. நேரம் வீணா?

இல்லை. முதல் டிவிஷனின் பெரிய பெயர்களை ஒதுக்கிவிட்டு, மூன்றாம் டிவிஷன், என்ஏஐஏ (என்சிஏஏ அல்லாத இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பு) அணிகளில் முப்பதைப் பட்டியலிட்டு, ஆறாம் இடம் அவளுக்குப் பக்கத்தில் உள்ளவற்றுக்கு இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.