அலுவலகப் போட்டிக்கு ஒரு வி.ஆர். கார் விளையாட்டு: கேள்வி பதில்

தலையில் மாட்டினால் கண்முன் வேறோர் உலகம் விரியும் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டுகளுக்கு ஓட்டுநர் பயிற்சி விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். நிறுவன விழாவில் ஊழியர்களுக்கு இப்படியொரு போட்டி வைக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆண்டு விழாவில் 200 பேர் விளையாட விரும்புகிறார்கள். ஹெட்செட் ஒன்றுதான் இருக்கிறது. ஆளுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்?

பதில்: போட்டிச் சுற்று 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த 2 நிமிடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஹெட்செட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, லென்ஸ் இடைவெளியைச் சரிசெய்து, ஒத்திகையாகச் சிறிது தூரம் ஓட்டவிட்டு, கழற்றித் துடைத்து வைப்பதற்குள் ஆளுக்கு 6 நிமிடம் ஓடிவிடும். 200 பேருக்கு 20 மணி நேரம்! இன்னொரு ஹெட்செட்டை வாடகைக்கு எடுங்கள். தகுதிச் சுற்றுகளை முந்தைய வாரமே உணவு இடைவேளைகளில் நடத்தி முடியுங்கள். விழா மேடைக்கு எட்டுப் பேர் வந்தால் போதும்.

கேள்வி: அண்ணா, சோதனை ஓட்டத்தில் எங்கள் குழுவிலேயே இருவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. கிராபிக்ஸை மேம்படுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது தம்பி, அதிகமாகவும் வாய்ப்பு உண்டு. கார் வளைவில் திரும்புவதைக் கண் பார்க்கிறது. உடலோ நாற்காலியில் அப்படியே இருப்பதாக உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் குமட்டல் பிறக்கிறது. உட்காது சீரான வேகத்தை உணர்வதில்லை. வேகம் கூடுவதையும் குறைவதையும் திரும்புவதையும்தான் உணர்கிறது. அதனால் நேர்ச்சாலையில் 150 கி.மீ. வேகத்தில் பறப்பது பெரிதாகத் தொல்லை தராது, 40 கி.மீ. வேகத்தில் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் வயிறு புரளும். உங்கள் பாதையில் எத்தனை திருப்பம், எத்தனை திடீர் பிரேக் என்று முதலில் எண்ணுங்கள். பாதியை வெட்டுங்கள்.

அடுத்தது கேமரா. கார் குலுங்கட்டும், சாயட்டும். தொடுவானம் மட்டும் சாயக் கூடாது. மோதினால் காரைச் சுழற்றிக் காட்டாமல் காட்சியை இருட்டாக்கி, மீண்டும் சாலையில் நிறுத்துங்கள். ஓட்டுநர் தலையைத் திருப்பினால் காட்சி உடனே திரும்ப வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பூட்டாதீர்கள். டாஷ்போர்டும் முன்கண்ணாடிச் சட்டமும் கட்டாயம் தெரியட்டும். பற்றிக்கொள்ள அசையாத ஒன்று கண்ணுக்குத் தேவை. வளைவுகளில் பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்குவதும் பலருக்கு உதவுகிறது.

கிராபிக்ஸுக்கு வருகிறேன். 72 ஹெர்ட்ஸில், அதாவது திரை விநாடிக்கு 72 முறை மாறும்போது, ஒரு காட்சியை வரைய 13.9 மில்லி விநாடிதான் இருக்கிறது, 90 ஹெர்ட்ஸில் 11.1. மரங்களையும் நிழல்களையும் குவித்து அந்த எல்லையைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு நகரும், தலை சுற்றும். மரங்கள் குறைவாக இருப்பதை எந்த ஊழியரும் கவனிக்கப் போவதில்லை.

கேள்வி: யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்திருக்கிறோம். 72 ஹெர்ட்ஸ் சரியாக வருகிறது, ஆனாலும் கார் துடித்துத் துடித்து ஓடுகிறது.

பதில்: காரின் அசைவைத் தீர்மானிக்கும் யூனிட்டியின் இயற்பியல் கணக்கு இயல்பாக 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை நடக்கிறது. திரை 72 முறை மாறுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் துடிப்பு அது. அந்தக் கணக்கின் இடைவெளியைக் குறிக்கும் ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப் மதிப்பை 0.01389 ஆக்குங்கள்.

கேள்வி: சென்னையில் 2024இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயப் பாதையை அப்படியே விளையாட்டில் கொண்டுவர ஆசைப்படுகிறோம். முடியுமா?

பதில்: ஆசை எனக்கும் பிடித்திருக்கிறது. நமக்குத் தெரிந்த சாலையில் பந்தயக் கார் ஓட்டுவது தனி மகிழ்ச்சி. ஆனால் அது ஏறத்தாழ 3.5 கி.மீ. நீளமும் 19 திருப்பங்களும் கொண்ட பாதை. முதன்முறை ஹெட்செட் அணிகிறவருக்கு மிக அதிகம். அதில் நீளமான நேர்ச்சாலை ஒன்றையும் மூன்று நான்கு அகன்ற வளைவுகளையும் மட்டும் எடுத்து ஒரு சிறு சுற்றாக்குங்கள். காருக்கு உண்மையான நிறுவனச் சின்னம் எதையும் ஒட்டாதீர்கள், அதற்கு உரிமம் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் வண்ணத்தையே பூசிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங் வாங்க வேண்டுமா, கைக் கன்ட்ரோலர் போதுமா?

பதில்: பணம் இருந்தால் ஸ்டீயரிங். வெறும் காற்றில் கையைச் சுழற்றும்போது எந்த எதிர்ப்பும் இல்லை. எவ்வளவு திருப்பினோம் என்பதே தெரியாது. லாஜிடெக் ஜி29 போன்றவை 900 பாகை சுழல்கின்றன, சாலையின் எதிர்விசையையும் கைக்குத் தருகின்றன. இவற்றை வாங்கினால் விளையாட்டைக் கணினியில் ஓட்டி, ஹெட்செட்டை அதனோடு கேபிளில் இணைக்கத் திட்டமிடுங்கள். கையில் இருக்கும் ஸ்டீயரிங்கும் காட்சியில் தெரியும் ஸ்டீயரிங்கும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருக்கட்டும். ஒவ்வொருவர் அமர்ந்ததும் இருக்கை நிலையை மறுபடி மையப்படுத்துங்கள், உயரம் ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: வணக்கம். நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வீடியோ கேம் ஆடிப் பழகிய இளைஞர்களே பரிசுகளை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். கார் ஓட்டவே தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. இருவர் அணியாக நடத்துங்கள். ஒருவர் ஹெட்செட் அணிந்து ஓட்டட்டும். மற்றவர் வெளியே பெரிய திரையில் பாதையின் வரைபடத்தைப் பார்த்து, "அடுத்தது இடது வளைவு, வேகத்தைக் குறையுங்கள்" என்று வழி சொல்லட்டும். ராலி பந்தயங்களில் பக்கத்து இருக்கை வழிகாட்டி செய்கிற வேலைதான் இது. சில தடைகளை வரைபடத்தில் மட்டும் காட்டி, ஓட்டுநரின் கண்ணுக்கு மறைத்துவிடுங்கள். அப்போது விரல் வேகத்தைவிடத் தெளிவான பேச்சுதான் அணியை வெல்லவைக்கும். தலைசுற்றல் உள்ளவர், கருவுற்றிருப்பவர், வலிப்பு நோய் உள்ளவர், ஹெட்செட்டே வேண்டாம் என்பவர் எல்லோரும் வழிகாட்டியாகச் சமமாகப் பங்கேற்கலாம். ஏன் அணியவில்லை என்று யாரையும் கேட்காதீர்கள். மேலாளர் முன்னால் உடல்நலக் காரணத்தைச் சொல்லவைப்பது எந்த விளையாட்டுக்கும் தகாத செயல்.

எல்லோருக்கும் ஒரே கார், தானியங்கி கியர். சாலையை விட்டு விலகினால் 3 விநாடி அபராதம் சேர்த்தால் கண்மூடித்தனமான வேகம் தானாகவே அடங்கும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கையாலும் இயக்க வசதி செய்யுங்கள். காலால் மிதிக்க முடியாத ஊழியரும் ஓட்டுநர் இருக்கையில் அமரட்டும்.

கேள்வி: இத்தனை பேர் முகத்தில் வைக்கிற கருவியை எப்படித் துடைப்பது?

பதில்: துணி உறையைக் கழற்றிவிட்டு சிலிகான் முகவுறை போடுங்கள், அதை ஆல்கஹால் இல்லாத ஈரத்தாளால் துடையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். ஜன்னலோரம் வைக்காதீர்கள், லென்ஸ் வழியே வெயில் விழுந்தால் உள்ளே திரை கருகிவிடும்.

கேள்வி: விளையாடி முடித்ததும் பைக்கில் வீட்டுக்குக் கிளம்பலாமா?

பதில்: உடனே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் உட்காரவையுங்கள்; தலை கனம், தள்ளாட்டம் இருந்தால் அன்று வண்டியைத் தொடவே விடாதீர்கள். மாலை 6 மணிக்குப் போட்டியை வைத்து 6.15க்கு எல்லோரையும் வாசலுக்கு அனுப்பும் திட்டம் இருந்தால், நேரத்தை முற்பகலுக்கு மாற்றுங்கள்.