மேட்டில் தானாக ஏறும் பெட்டி: இயற்பியல் கேள்வி–பதில்

30 டிகிரி சாய்தளத்தில் 5 கிலோ பெட்டி, உராய்வுக் குணகம் 0.7. முடுக்கம் கண்டுபிடித்தால் மைனஸ் 1.06 என்று வருகிறது. எங்கே தவறு?
– பிளஸ் ஒன் மாணவி, தேனி

உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த விடையின் பொருளைப் பாருங்கள்: சும்மா வைத்த பெட்டி தானாக மேட்டில் ஏறுகிறது! இப்படி ஒரு விடை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து தேட வேண்டும்.

பெட்டியின் எடை 5 × 10 = 50 நியூட்டன். சாய்தளத்தின் வழியே பெட்டியைக் கீழே இழுப்பது 50 × சைன் 30, அதாவது 25 நியூட்டன். தளம் தரும் செங்குத்து விசை 50 × காஸ் 30 = 43.3 நியூட்டன். அதை 0.7 ஆல் பெருக்கி 30.3 என்று எடுத்து, 25-லிருந்து கழித்துவிட்டீர்கள். அந்த 30.3 உராய்வு விசை அல்ல, உராய்வின் உச்சவரம்பு. பொருள் நிற்கும்வரை உராய்வு கேட்ட அளவுதான் கொடுக்கும். இங்கே கேட்பது 25, கொடுப்பதும் 25. பெட்டி அசையாது, முடுக்கம் சுழி.

ஆகவே உராய்வுக் கணக்கில் முதல் கேள்வி ‘நகருமா?’ என்பதுதான். தளத்தில் சும்மா வைத்த பொருள் என்றால் இதற்கு நிறைகூடத் தேவையில்லை. டேன் 30 என்பது 0.577. ஓய்வுநிலைக் குணகம் (நிற்கும் பொருளுக்கான உராய்வுக் குணகம்) அதைவிடப் பெரிதானால் பொருள் நிற்கும், சிறிதானால் சறுக்கும். இதே பெட்டிக்கு ஓய்வுநிலைக் குணகம் 0.5, இயக்கக் குணகம் (சறுக்கும் பொருளுக்கானது) 0.4 என்று கொடுத்திருந்தால் சறுக்கும். அப்போதுதான் 0.4 × 43.3 = 17.3 நியூட்டனைக் கழிக்க வேண்டும். மீதி 7.7 நியூட்டன், முடுக்கம் ஏறக்குறைய 1.54 மீ/வி².

சைனா காஸா என்ற குழப்பம் வந்தால் கோணத்தை மனதில் சுழியாக்குங்கள். சமதரையில் பெட்டியைச் சறுக்க வைக்கும் விசை கிடையாது; சைன் சுழியும் 0. ஆகத் தளத்தின் வழியே வருவது சைன். மனப்பாடத்தைவிட இது நம்பகமானது.

15 மீட்டர் உயர மாடியிலிருந்து 10 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து தரையை அடைய எவ்வளவு நேரம்? வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எண் வந்து நிற்கிறது.
– பிளஸ் ஒன் மாணவர், சிவகாசி

இடப்பெயர்ச்சியை +15 என்று போட்டிருக்கிறீர்கள். மேல்நோக்கி எறிந்தால் பந்து 5 மீட்டர்தான் ஏறும். அது மாடிக்கு மேலே 15 மீட்டரை எப்போது தொடும் என்று கேட்டால் ‘ஒருபோதும் இல்லை’ என்பதுதான் பதில். அதைத்தான் அந்த மைனஸ் சொல்கிறது.

மேல்நோக்கு பிளஸ் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு தொடங்குங்கள். தரை கீழே இருப்பதால் −15. நேரத்தை ‘நே’ என்று வைத்தால் −15 = 10நே − 5நே². சுருக்கினால் நே² − 2நே − 3 = 0; விடை 3 வினாடி அல்லது −1 வினாடி. மைனஸ் ஒன்றை அடித்துவிடுவதற்கு முன் ஒரு நொடி பாருங்கள்: எறிவதற்கு 1 வினாடி முன்னால் அதே பந்தைத் தரையிலிருந்து 20 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தால், இதே பாதையில்தான் வந்திருக்கும்.

புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 போடுவதா, 10 போடுவதா?
– ஒரு தந்தை, ஓசூர்

வினாவில் கொடுத்ததைப் போடச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் கொள்குறி வினாவில் 10 போதும். வித்தியாசம் 2 சதவீதம்தான். நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தீர்வைப் படித்தால் புரிகிறது. தானாகப் போட்டால் வரவில்லை. எத்தனை கணக்குப் போட வேண்டும்?
– பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

எண்ணிக்கை முக்கியமில்லை. தீர்வை மூடிவைத்து ஒரு கணக்கோடு 15 நிமிடமாவது மல்லுக்கட்டுங்கள். பிறகு தீர்வைத் திறந்து, உங்கள் தாளில் முதலில் பிசகிய வரியை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை எண்களை மாற்றிப் போடுங்கள். வட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று தவறுகளே வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

40 வாட், 100 வாட் குண்டு பல்புகளை 230 வோல்ட்டில் தொடரிணைப்பில் மாட்டினால் 40 வாட்தான் அதிகம் ஒளிருமாமே?
– ஐடிஐ மாணவர், ஈரோடு

ஆமாம். பல்பின் மேல் அச்சிட்ட வாட், அதற்கு முழு 230 வோல்ட்டும் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். இரண்டு பல்பும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும்போது பொருந்தாது. முதலில் மின்தடைக்கு மாறுங்கள்: 230²-ஐ 40 ஆல் வகுத்தால் 1322.5 ஓம், 100 ஆல் வகுத்தால் 529 ஓம். இரண்டிலும் ஒரே மின்னோட்டம், சுமார் 0.124 ஆம்பியர். ஆக 40 வாட் பல்பில் 20.4 வாட், 100 வாட் பல்பில் 8.2 வாட்.

இது தாளில் போடும் கணக்கு. நிஜத்தில் இழை சூடு குறைந்தால் மின்தடையும் குறையும். 100 வாட் இழைதான் அதிகம் ஆறிப்போகும் என்பதால் வித்தியாசம் இன்னும் கூடும். உள்ளே தனிச் சுற்று இருக்கும் எல்.இ.டி. பல்புக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில் ஒலியின் வேகம் 336 மீ/வி என்றே வருகிறது. அறை வெப்பநிலை 30 டிகிரி. 349 வர வேண்டாமா?
– பிளஸ் ஒன் மாணவர், திருவாரூர்

இசைக்கவையைக் குழாயின் வாயருகே பிடித்து, உள்ளே நீர்மட்டத்தை மாற்றி, ஒலி உரக்கக் கேட்கும் (ஒத்ததிரும்) காற்றுத் தம்ப நீளங்களை அளப்பதுதான் இந்தச் சோதனை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு முதல் ஒத்ததிர்வு 16.4 செ.மீ., இரண்டாவது 50.5 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அளவுகள் சரிதான். முதல் நீளத்தை மட்டும் நான்கால் பெருக்கியதுதான் வினை. அதிரும் காற்று குழாயின் வாயோடு நிற்பதில்லை, கொஞ்சம் வெளியே நீள்கிறது. இரண்டு நீளங்களையும் கழித்தால் அந்த மிச்சம் அடிபட்டுப்போகும்: 2 × 512 × 0.341 = 349.2.

மிச்சம் எவ்வளவு என்று தெரிய, இரண்டாவது நீளத்திலிருந்து முதல் நீளத்தின் மும்மடங்கைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 0.65 செ.மீ. இது குழாயின் உள்விட்டத்தில் சுமார் 0.3 மடங்கு இருக்க வேண்டும், அதாவது விட்டம் 2.2 செ.மீ.க்கு அருகில். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பெரிதும் விலகினால் இரண்டாவது ஒத்ததிர்வைத் தவறான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது முதலாவதைவிட மெலிதாகத்தான் கேட்கும். நீர்மட்டத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டும் ஒருமுறை ஏற்றிக்கொண்டும் கேட்டு, இரண்டின் சராசரியை எடுங்கள்.