கலர் அப்புறம், முதல்ல சத்தம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். நான் இன்டீரியர் டிசைன் மூணாவது வருஷம் படிக்கறேனுங்க. ஃபைனல் ப்ராஜெக்டுக்கு குழந்தைகள் தெரபி சென்டர் எடுத்திருக்கேன், 2400 சதுர அடி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கறது), ஸ்பீச், பிசியோ, ஸ்பெஷல் எஜுகேஷன் நாலும் வரணும். ரூமுக்கு ஒரு தீம்னு காடு, கடல், விண்வெளி எல்லாம் வெச்சு வரைஞ்சேன், கைடு சூப்பர்னாங்க. ஆனா நெட்ல பார்த்தா ஆட்டிசம் குழந்தைங்களுக்கு கலரே ஆகாது, எல்லாம் வெள்ளை சாம்பல்லதான் இருக்கணும்னு போட்டிருக்கு. இப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டு திரும்ப வரையணுமா? ப்ராஜெக்டை மதிப்பிடற ஜூரிக்கு மூணு வாரம்தான் இருக்கு. பிளானும் 3டி வியூவும் அனுப்பியிருக்கேன்.
– வாசகி, கோவை

பதில்: பிளானை ரெண்டு மூணு தடவை பார்த்தேன்மா. நல்லா உழைச்சிருக்கீங்க, அது ஒவ்வொரு ஷீட்லயும் தெரியுது. ஆனா கலரை கொஞ்ச நேரம் தள்ளி வைங்க, அதைவிட அவசரமா ஒண்ணு இருக்கு. ஓ.டி. ரூம்ல மூணு ஸ்விங் போட்டிருக்கீங்க, மூணுக்கும் கொக்கி ஃபால்ஸ் சீலிங்ல மார்க் ஆகியிருக்கு. ஜிப்சம் போர்டு தன் எடையத்தான் தாங்கும், குழந்தைய தாங்காது. 25 கிலோ குழந்தை வேகமா ஆடும்போது கொக்கி மேல விழற இழுப்பு ரெண்டு மூணு மடங்கு ஆகும், பல நேரம் தெரபிஸ்ட்டும் கூடவே ஏறி உட்காருவாங்க. அதனால கொக்கி கான்கிரீட் ஸ்லாப்லயோ, ஸ்லாப்ல போல்ட் போட்ட இரும்பு ஐ-பீம்லயோதான் வரணும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து ஓகே சொல்லணும். இதை ஒரு செக்‌ஷன்ல வரைஞ்சு காட்டுங்க, அந்த ஒரு டிராயிங்கே உங்க ப்ராஜெக்டை தூக்கி நிறுத்தும்.

ஸ்விங் எதுக்குன்னும் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா ஜூரியில கட்டாயம் கேப்பாங்க. அமெரிக்காவுல ஜீன் ஏயர்ஸ்னு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தாங்க, சென்சரி இன்டக்ரேஷன், அதாவது புலன் ஒருங்கிணைப்புங்கற முறையை 1960, 70கள்ல உருவாக்கினது அவங்கதான். உடம்பு ஆடறது, சுத்தறது, அழுத்தம் படறது இதெல்லாம் மூளைக்குப் போய் ஒழுங்கா சேரலைன்னா எழுதறது, கவனிக்கறது, சட்டை போட்டுக்கறது எல்லாமே தடுமாறும்ங்கறதுதான் அடிப்படை. அந்த முறைப்படி நடத்தற ரூமுக்கு அளவே இருக்கு, குறைஞ்சது 3 கொக்கி, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் இரண்டரையிலிருந்து மூணு அடி, அதுல ஒண்ணாவது முழுசா சுத்தற சுழல் கொக்கி, ஆடற இடம் முழுக்க கீழே மேட். நீங்க ஸ்விங்கை சுவர்லேர்ந்து ரெண்டடியில வெச்சிருக்கீங்க. குழந்தை ஒரு ஆட்டம் ஆடினா தலை சுவர்லதான் இடிக்கும், ரூமோட நடுப்பக்கம் கொண்டு வாங்க.

அதே ரூம்ல நடுவுல சீலிங் ஃபேனும் இருக்கு, பாத்தீங்களா? ஸ்விங்கும் சீலிங் ஃபேனும் ஒரே ரூம்ல கூடவே கூடாது. அடிபடும்ங்கறது ஒரு காரணம். ஆட்டிசம் உள்ள சில குழந்தைங்களுக்கு சுத்தற ஃபேன்ல கண்ணு ஒட்டிக்கும்ங்கறது இன்னொண்ணு. ஒரு சென்டர் வெயிட்டிங் ரூம்ல ஒரு நாலு வயசு பையனை பார்த்திருக்கேன், தரையில மல்லாக்க படுத்து ஃபேனையே பார்த்துட்டு இருந்தான், அம்மா கூப்பிடறாங்க, தெரபிஸ்ட் வந்து கூப்பிடறாங்க, அவன் அசையவே இல்ல, கடைசியில ஸ்விட்சை ஆஃப் பண்ணினதும் றெக்கை நின்னுச்சு, அவனே எழுந்து உள்ளே போனான். சுவர்ல மாட்டற ஃபேன், விரல் நுழையாத வலை போட்டது, ஏழு எட்டு அடி உயரத்துல வைங்க, போதும்.

சரி, இப்ப கலர். உங்க கைடு சொன்னதும் நெட்ல படிச்சதும் ரெண்டுமே பாதி உண்மைதான். நான் முதல்முதலா பண்ணின சென்டர்ல ஸ்பீச் ரூம் சுவர்ல பெரிசா ஒரு மீன் வரைய வெச்சேன், எல்லாருக்கும் ரொம்ப பிடிச்சது. அந்த மீன் தெரபிஸ்ட் உட்கார்ற சேருக்கு நேர் பின்னாடி இருந்துச்சு. ஸ்பீச்சுக்கு வர்ற குழந்தை தெரபிஸ்ட்டோட வாயைப் பாக்கணும், உதடு எப்படி குவியுது நாக்கு எங்க போகுதுன்னு பார்த்துத்தான் சொல்லணும். குழந்தைங்க எல்லாம் அவங்க தோளுக்கு மேல அந்த மீனோட கண்ணையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒரே மாசத்துல அது மேல பெயின்ட் அடிச்சோம். ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஆனா அன்னிக்கு கத்துக்கிட்டது இன்னிக்கும் உதவுது.

அதுக்காக எல்லாத்தையும் வெள்ளையாக்கவும் வேண்டாம். சென்டருக்கு ஆட்டிசம் குழந்தைங்க மட்டும் வர்றதில்ல, சி.பி., அதாவது செரிபிரல் பால்சி, மூளை பாதிப்பால கை கால் அசைவு தடுமாறற குழந்தைங்களும் வருவாங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு கண்ணு நல்லா இருந்தும் மூளை படத்தை சரியா வாங்காத பிரச்னை இருக்கும். அந்த குழந்தைங்களுக்கு வெள்ளை சுவர், வெள்ளை கதவு, வெள்ளை டாய்லெட் எல்லாம் ஒரே மூட்டம்தான். சிவப்பு, மஞ்சள் மாதிரி அடர்த்தியான கலர்தான் பல பேருக்கு சட்டுனு புரியும். அப்ப என்ன பண்ணலாம், சுவரை மங்கலான மேட் ஃபினிஷ்ல விட்டுருங்க, கலரை வேலை செய்யற இடத்துல மட்டும் வைங்க, அதாவது கதவு ஃப்ரேம், படியோட விளிம்பு, பிடிச்சு நடக்கற கம்பி, டாய்லெட் சீட் இதுலெல்லாம். காடும் கடலும் வேணும்னா வெயிட்டிங்ல வெச்சுக்கோங்க, அங்க குழந்தை வேடிக்கை பார்த்தா தப்பே இல்ல. பளபளக்கற வெட்ரிஃபைட் டைல்ஸ் மட்டும் எங்கயும் வேண்டாம், வெளிச்சம் பட்டு கண்ணைக் கூசும், ஈரமானா வழுக்கும், காலைத் தாங்கிப் பிடிக்கற ஸ்ப்ளின்ட் போட்டு நடக்கற குழந்தைக்கு அது ஆபத்து.

என்னைக் கேட்டா கலரைவிட நூறு மடங்கு முக்கியம் சத்தம். எகிப்துல மக்தா மொஸ்தஃபான்னு ஒரு ஆர்க்கிடெக்ட், ஆட்டிசத்துக்கான கட்டட அமைப்பைப் பத்தி 2008லயே ஆராய்ச்சி வெளியிட்டவங்க, ஸ்பீச் ரூம்ல எதிரொலியையும் வெளியேர்ந்து வர்ற சத்தத்தையும் குறைச்சுப் பார்த்தாங்க, குழந்தைங்க கவனிக்கற நேரம் கூடுச்சு. பின்னாடி அவங்க ஏழு விஷயமா ஒரு வழிகாட்டி அமைச்சாங்க, அதுல முதல் விஷயமே சத்தம்தான். உங்க பிளான்ல ஓ.டி. ரூமும் ஸ்பீச் ரூமும் ஒட்டி ஒட்டி இருக்கு, நடுவுல நாலரை இன்ச் சுவர். அங்க ஒருத்தன் டிராம்போலின்ல குதிப்பான், இங்க ஒருத்தி 'ப' சொல்ல முயற்சி பண்ணிட்டிருப்பா. ஓ.டி.யையும் பிசியோவையும் ஒரு கோடியில தள்ளுங்க, ஸ்பீச்சையும் ஸ்பெஷல் எஜுகேஷனையும் மறு கோடிக்கு கொண்டு போங்க, நடுவுல ஸ்டோர், டாய்லெட், நடைபாதை வரட்டும், அதுங்களே சத்தத்தை வாங்கிக்கும். நடைபாதை ஓரத்துல சுவர் உள்வாங்கின மாதிரி ஒரு சின்ன ஒதுக்கிடம், நாலடிக்கு நாலடி, மங்கலான வெளிச்சம், ஒரு மெத்தை போட்டு விடுங்க, அழுது தாங்க முடியாம போற குழந்தை ஒதுங்கறதுக்கு. டாய்லெட்ல கை காய வைக்கற மெஷினை எடுத்துருங்க, அந்த இரைச்சலுக்கு பயந்துட்டு டாய்லெட்டுக்கே போக மாட்டேன்னு காதைப் பொத்திக்கிட்டு நிக்கற பிள்ளைங்க நிறைய. சோக் போட்ட பழைய ட்யூப்லைட்டும் வேண்டாம், நம்ம 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல அது நொடிக்கு 100 தடவை மினுங்கும், நமக்குத் தெரியாது, சில குழந்தைங்களுக்குத் தெரியும். சென்சரி ரூம்ல டிஸ்கோ மாதிரி பளிச் பளிச்னு அடிக்கற லைட் போட்டிருக்கீங்க, அதை கட்டாயம் எடுங்க, வர்ற குழந்தைங்கள்ல வலிப்பு இருக்கறவங்க நிறைய.

பொம்மையெல்லாம் திறந்த ஷெல்ஃப்ல அடுக்கி அழகா வரைஞ்சிருக்கீங்க. வேண்டாம்மா, கதவு போட்ட அலமாரி வைங்க, கண்ணுக்கு எதிர்ல முப்பது பொம்மை இருந்தா எந்தக் குழந்தையும் கையில இருக்கறதைப் பாக்காது. வாசல்லயும் ஒரு குறை இருக்கு. தரைமட்டம் ஒன்றரை அடி உசரம்னு போட்டிருக்கீங்க, ரேம்ப் ஆறடிதான் இருக்கு. 1க்கு 12, அதாவது ஒரு அடி உசரத்துக்கு 12 அடி நீளம்ங்கற கணக்குல 18 அடி வேணும், மேலயும் கீழயும் சமதளம் தனி. கதவு திறந்தா 900 எம்.எம். கிடைக்கணும், வீல்சேர் திரும்ப 1500 எம்.எம். வட்டம் வேணும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல வந்துடுச்சு, மத்திய அரசோட அணுகல் வழிகாட்டி 2021ல புதுசா வந்துச்சு, அதை ஒரு தடவை உட்கார்ந்து படிங்க.

மூணு வாரத்துல முதல் மூணு நாளை கம்ப்யூட்டர் பக்கமே போகாம செலவு பண்ணுங்க. அரசு ஆஸ்பத்திரியில டி.இ.ஐ.சி.னு ஒரு பிரிவு இருக்கும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், 2013ல ஆரம்பிச்ச குழந்தைகள் நலத்திட்டத்துல வந்தது. காலேஜ் லெட்டர் வாங்கிட்டு போய் அனுமதி கேளுங்க. சென்னைப் பக்கம் போனா முட்டுக்காட்டுல நிப்மெட்னு பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, தென்காசிப் பக்கம்னா ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981லேர்ந்து இருக்கு. எங்க போனாலும் ஒரு முழு நாள் வெயிட்டிங் ரூம்ல சும்மா உட்காருங்க, குழந்தைங்களை போட்டோ எடுக்காதீங்க, நோட்டுல எழுதுங்க. யாரு யாரை தூக்கிட்டு வர்றாங்க, செருப்பை எங்க உட்கார்ந்து கழட்டறாங்க, 45 நிமிஷம் அந்த அம்மா என்ன பண்றாங்க, கூட வந்த சின்னத் தம்பி எங்க விளையாடறான், எந்தக் கதவு கிட்ட வந்ததும் குழந்தை அழ ஆரம்பிக்குது, இதெல்லாம் எழுதிட்டு வந்து அப்புறம் வரைங்க. அழிக்கணுமா வேண்டாமாங்கறதுக்கு பதில் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு, சி.பி., இன்னும் டயப்பர்தான். வாரத்துல மூணு நாள் தெரபிக்கு தூக்கிட்டுப் போறேன். நல்ல சென்டர், தங்கமான தெரபிஸ்ட், குறை சொல்லவே மாட்டேன். ஆனா டயப்பர் மாத்தணும்னா டாய்லெட் தரையில பழைய புடவைய விரிச்சு படுக்க வெச்சுத்தான் மாத்தறேன். கைக்குழந்தைக்கு மாத்தற மேஜை மட்டும் இருக்கு, அவன் 32 கிலோ. டிசைன் பண்றவங்க யாரும் இதை யோசிக்கவே மாட்டாங்களா? கோபமா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: யோசிக்கறதில்லைங்க. நானும் ரொம்ப நாள் யோசிச்சதில்ல. டாய்லெட்னா கம்பி போட்டோம், கதவை அகலப்படுத்தினோம், முடிஞ்சுதுன்னுதான் நினைச்சோம். உங்க லெட்டரைப் படிச்சப்ப மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, மேலே எழுதின கோவைப் பொண்ணும் கட்டாயம் இதைப் படிக்கணும், ஏன்னா அவங்க பிளான்லயும் இது இல்ல.

இங்கிலாந்துல உங்களை மாதிரி குடும்பங்கள் வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு 'சேஞ்சிங் பிளேசஸ்'னு ஒரு இயக்கமே நடத்தினாங்க, 2021லேர்ந்து அங்க புதுசா கட்டற சில வகை பெரிய பொதுக் கட்டடங்கள்ல பெரியவங்க படுக்கற அளவு மாத்தற பெஞ்சோட ஒரு ரூம் வைக்கறது விதியாவே ஆயிடுச்சு. ரூம் அளவு 12 சதுர மீட்டர். நம்ம ஊர் சென்டர்ல அவ்வளவு இடம் விட முடியலைன்னாலும் இதைச் செய்யலாம்: ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்துல கெட்டியான பெஞ்ச், மேல கழுவற மாதிரி ரெக்ஸின் மெத்தை, சுவர் பக்கம் ஒட்டி, மறுபக்கம் மடக்கற தடுப்புக் கம்பி. ஏத்தி இறக்கற கட்டில் வாங்க முடிஞ்சா அதுதான் நல்லது, முடியாதப்ப பெஞ்ச் உயரத்தை வீல்சேர் சீட்டுக்குச் சமமா 18, 20 இன்ச்ல வெச்சு பக்கத்துல அம்மா உட்கார ஒரு ஸ்டூல் போட்டா தூக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம், நகர்த்தினா போதும். கிட்டயே ஒரு ஹேண்ட் ஷவர், மூடி போட்ட தொட்டி, பை மாட்ட ஒரு கொக்கி. ஒரு ஸ்கிரீனும் கட்டாயம், 11 வயசு பையனுக்கு கூச்சம் உண்டு, அதை அவனால வாய் விட்டு சொல்ல முடியாம இருக்கலாம். இந்தப் பக்கத்தைக் கிழிச்சு உங்க சென்டர்ல குடுங்க. நல்ல மனசுக்காரங்கன்னு நீங்களே சொல்றீங்க, கேட்டா செய்வாங்க.

கேள்வி: நான் ஓ.டி. முடிச்சு ஆறு வருஷமாச்சு, மதுரையில வாடகைக்கு ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு எடுத்து சொந்தமா சென்டர் ஆரம்பிக்கறேன். 900 சதுர அடி, கையில இருக்கறது ரெண்டு லட்சம். வீட்டுக்காரர் சீலிங்ல ஓட்டை போடக் கூடாதுன்னுட்டார். எதுக்கு முதல்ல செலவு பண்ணட்டும்?
– வாசகர், மதுரை

பதில்: ஓட்டை போட வேண்டாம் தம்பி, தரையில நிக்கற இரும்பு ஃப்ரேம் வெல்டிங் பட்டறையில செஞ்சுக்கலாம், கால் அகலமா, ஆடினா சாயாத மாதிரி, ஹால்ல நிறுத்துங்க. செய்யறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர்கிட்ட டிராயிங்கை காட்டுங்க, வீடு மாத்தினா கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். அடுத்த செலவு மேட். அதுக்கப்புறம் பாத்ரூம் கம்பி, வழுக்காத தரை, ஸ்பீச் ரூம் கதவுக்கு ரப்பர் பீடிங், கனமான கர்ட்டன். தெருப்பக்கம் ஓடிப்போற குழந்தைங்க இருப்பாங்க, அதனால வாசல் கேட்டுல அஞ்சடி உயரத்துல ஒரு தாழ்ப்பாள், உள்ளேர்ந்து பெரியவங்க ஒரு இழுப்புல திறக்கற மாதிரி. ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், தண்ணிக்குள்ள குமிழ் ஏர்ற பபிள் ட்யூப் விளக்கு எதுக்கும் இப்ப ஒரு பைசா போடாதீங்க.

சமையலறையை மட்டும் இடிச்சு ரூமாக்கிடாதீங்க. கேஸை எடுத்துட்டு மேடையையும் சிங்கையும் அப்படியே விடுங்க. சப்பாத்தி மாவு பிசையறது, பட்டாணி உரிக்கறது, டம்ளர்லேர்ந்து டம்ளருக்கு தண்ணி ஊத்தறது, தட்டு கழுவறது இதுக்கெல்லாம் தனியா எந்த சாமானும் வாங்க வேண்டாம்னு உங்களுக்கே என்னைவிட நல்லா தெரியும். மேடைக்கு முன்னாடி எட்டு இன்ச் உயரத்துல அகலமா ஒரு மரப்படி, மேல ரப்பர் ஒட்டினது, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க கம்பி வெச்சு ஆசாரிகிட்ட செய்யச் சொல்லுங்க. அஞ்சு வயசு குழந்தை ஏறி நின்னா குழாய் கைக்கு எட்டணும், அளவை அந்தக் குழந்தைய நிக்க வெச்சே எடுங்க.