வாசகர் கேள்வி: சுபின் மேத்தாவின் அப்பா

கேள்வி: சுபின் மேத்தாவின் அப்பா வயலின் கலைஞரா, ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரா? மேற்கத்திய வயலின் கற்கும் என் மகனுக்குக் கண்டக்டராக ஆசை. வயலினை விட்டுவிடலாமா என்கிறான்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும்தான். உலகம் அறிந்த கண்டக்டரான மகனின் புகழில் அந்த அப்பாவை நாம் கவனிக்காமலே விட்டுவிட்டோம் என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

மெஹ்லி மேத்தா 1908-இல் பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தவர். 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ஆரம்பித்தவரே அவர் என்றாலும், முதலில் உட்கார்ந்தது வயலின்காரர்களின் தலைமை நாற்காலியில்தான். கண்டக்டரின் கோலைக் கையில் எடுத்தது அப்புறம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும், இன்னும் படிக்க வேண்டும் என்று நியூயார்க் போய், வயலின் ஆசிரியர் இவான் கலமியானிடம் மாணவராகச் சேர்ந்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். பம்பாயில் ஆர்கெஸ்ட்ராவையே நடத்தியவர், 1955-இல் இங்கிலாந்து போய், மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் கண்டக்டர் பார்பிரோலியின் கீழ் மறுபடி வயலின் வரிசையில் உட்கார்ந்தார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில், வில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் கர்ட்டிஸ் நால்வர் குழு. 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸ். பலர் ஓய்வை நினைக்கும் 56 வயதில் அங்கே அமெரிக்கன் யூத் சிம்பொனி என்ற இளைஞர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி, தொண்ணூறை எட்டும் காலம்வரை நடத்தினார். 2002-இல் காலமானார்.

சரி, உங்கள் மகன் விஷயம். ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பகுதி வில் வாத்தியங்கள். ஒரு வரிசையில் எல்லார் வில்லும் ஒரே திசையில் போவதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் அல்ல. ஒவ்வொருவர் முன்னால் இருக்கும் தாளிலும் பென்சிலால் குறித்திருப்பார்கள்: வில்லைத் தள்ள வேண்டிய இடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு குறி, இழுக்க வேண்டிய இடத்தில் அடிப்பக்கம் திறந்த சின்னப் பெட்டி மாதிரி இன்னொன்று. கைப்பிடிப் பக்கத்திலிருந்து இழுத்தால் ஸ்வரம் அழுத்தமாக விழும். நுனியிலிருந்து தள்ளினால் மெல்லத் தொடங்கி வளரும். ஒரே வரி, குறியை மாற்றினால் வேறு வரியாகக் கேட்கும்.

பியானோவிலிருந்து வந்த கண்டக்டர் இதை முயன்று கற்க வேண்டும், கற்றும்விடுகிறார்கள். வயலின்காரருக்கோ வலது கையே சொல்லிவிடும். அதனால் வயலினை விடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடவே பியானோவும், ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்திருக்கும் இசைத்தாள்) படிப்பதும் பழகட்டும். முடிந்தால் ஏதாவது ஒரு குழுவில், கடைசி நாற்காலியானாலும் சரி, உட்கார்ந்து வாசிக்கட்டும்; எதிரே நிற்பவரின் கை தெளிவாக இல்லாவிட்டால் வாசிப்பவர் என்ன பாடுபடுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.