குழந்தைக்கேற்ற சக்கர நாற்காலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் செயல்முறைச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். குழந்தைகள் சரியாக உட்கார உதவுவதுதான் என் துறை. விடுப்பு கிடைக்கும்போது ஒரு தொண்டூழியர் குழுவோடு இந்தோனீசியா, கம்போடியா பக்கம் போகிறேன். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் சக்கர நாற்காலி பொருத்திக் கொடுக்கிறோம். இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

காலஞ்சென்ற என் அம்மாவின் சக்கர நாற்காலி வீட்டில் சும்மா இருக்கிறது, தங்கச்சி. இந்தோனீசியாவின் பாத்தாம் தீவில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமா? (தெம்பனிஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்)

அண்ணா, நல்ல மனசோடு கேட்கிறீர்கள். ஆனாலும் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெரியவர்களுக்கான நாற்காலி பெரும்பாலும் 18 அங்குல அகலம். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பு அதில் பாதிதான் இருக்கும். நிமிர்ந்து உட்காரும் பலமில்லாத பிள்ளையை அதில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாயும். தொய்ந்த துணி இருக்கையில் இடுப்பெலும்பு பின்னால் உருளும், முதுகு கூன் போடும், உடம்பு மெல்ல முன்னால் சறுக்கும். தினமும் பல மணி நேரம் இப்படியே இருந்தால், முதுகுத்தண்டு வளைவதும் இடுப்பு மூட்டு விலகுவதும் இன்னும் மோசமாகலாம்.

சாப்பாட்டு நேரம் அதைவிடக் கவலை. தலை பின்னால் தொங்கியபடி கஞ்சி ஊட்டினால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, நிமோனியா என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது, எப்படி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

உங்கள் புளோக்கிலேயே அந்த நாற்காலி தேவைப்படும் ஒரு முதியவர் இருப்பார். அவருக்குக் கொடுங்கள் அண்ணா.

அளவெடுப்பது என்றால் தையல்காரர் மாதிரி டேப் வைத்து அளப்பதா? (உட்லண்ட்ஸ், இரண்டு பிள்ளைகளின் தாய்)

டேப் கடைசியில்தான் வரும். முதலில் பிள்ளையைப் பாயில் படுக்க வைப்போம். இடுப்பு 90 பாகை மடங்குகிறதா, முழங்கால் எவ்வளவு நீள்கிறது, முதுகு வளைவைக் கையால் மெதுவாக நேராக்க முடிகிறதா என்று பார்ப்போம். இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வளைவு இன்னும் இளகி இருந்தால், அதை நேராகப் பிடித்துவைக்கும்படி நாற்காலியை அமைக்கலாம். இறுகிவிட்ட வளைவை வலுக்கட்டாயமாக நிமிர்த்தக்கூடாது. அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைத் தாங்கும்படி அமைக்க வேண்டும். பார்ப்பதற்கு நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இறுகிய முதுகை நிமிர்த்தினால் வலி பிள்ளைக்குத்தான். அதைச் சொல்ல அதற்குப் பேச்சும் வராது.

அப்புறம் பிள்ளையைக் கெட்டியான பெஞ்சில் உட்கார வைத்து, நாற்காலி செய்ய வேண்டிய வேலையை எங்கள் கைகளால் செய்து பார்ப்போம். ஒருவர் இடுப்பைப் பிடிப்பார், இன்னொருவர் விலாப்பக்கம் கை வைப்பார். எந்த இடத்தில், எவ்வளவு அழுத்திப் பிடித்தால் பிள்ளை தலையைத் தூக்குகிறது என்று கவனிப்போம். கை தேவைப்பட்ட இடங்களில்தான் பிறகு பட்டையும் அணைப்பும் வரும். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தி அம்மாவைத் தேடும் நேரம் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

பிறகு டேப். இடுப்பின் அகலம்தான் இருக்கையின் அகலம். வளர்வான் என்று தாராளமாக விடாதீர்கள், கொஞ்சம் கூட்டினாலே சாயும். பின்னிடுப்பிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை அளந்து, 3 முதல் 6 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தால் அதை வைத்துத்தான் கணக்கு. முழங்காலுக்குப் பின்னிருந்து குதிகால் வரை கால்மிதியின் உயரம். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடை மடிப்பில் சாய்வாக வர வேண்டும்.

நான் பல்துறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கிறேன், அக்கா. மருத்துவம் ஒன்றும் தெரியாது. வந்தால் பாரமாகிவிடுவேனா? (புக்கிட் பாத்தோக், மாணவர்)

தம்பி, வாருங்கள். பாதி வேலை ஸ்பானரும் துளைக்கருவியும் பிடிப்பவருடையது. நான் அளவு எழுதிக் கொடுத்தால், இருக்கையைச் சுருக்குவது, முதுகுப்பலகையை நகர்த்துவது, ஃபோம் வெட்டுவது எல்லாம் உங்கள் கையில். அடியில் கெட்டி ஃபோம், மேலே மென்மையானது. தொடை வரும் பகுதியை லேசாக உயர்த்திவிட்டால் பிள்ளை முன்னால் சறுக்காது. மேடு பள்ளமான மண்பாதையில் ஓட, முன்சக்கரம் பெரிதாகவும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி நீளமாகவும் இருக்க வேண்டும். சின்ன முன்சக்கரம் கல்லில் தட்டினால் நாற்காலி முன்பக்கமாகக் குப்புறக் கவிழும். டயரும் டியூபும் அங்குள்ள சைக்கிள் கடையில் கிடைக்கும் அளவாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. பிள்ளையைத் தூக்கும் வேலையைப் பழகியவர்கள் சொல்லித் தராமல் செய்யாதீர்கள்.

மோட்டார் வைத்ததையே கொடுத்துவிட்டால் என்ன? (பொங்கோல்)

மின்சாரம், கனம், பழுது. மூன்றும் அங்கே பிரச்சினை. பேட்டரி போன அன்றே அது மூலையில் போய்விடும்.

கேட்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். விமான டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை அங்கேயே அனுப்பினால் இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு உதவுமே? (ஜூரோங், கணக்காளர்)

கோபமே இல்லை. பல நேரங்களில் நீங்கள் சொல்வதுதான் சரி. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். பரிந்துரை, பரிசோதனை, தேர்வு, நிதி, தயாரிப்பு, பொருத்துதல், பயிற்சி, கடைசியாகப் பராமரிப்பும் தொடர் கவனிப்பும். நாற்காலியைக் கையில் கொடுப்பது இடையில் வரும் ஒரு படிதான். ஒரு வாரம் போய், படம் எடுத்து, திரும்பிவிடும் குழுவால் கடைசிப் படியைச் செய்யவே முடியாது.

அதனால் எங்கள் குழுவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஊரில் தொடர்ந்து இருக்கும் ஒரு சிகிச்சையாளரோ மறுவாழ்வு மையமோ இல்லையென்றால் போகமாட்டோம். போனாலும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிறோம், பொருத்துவது அவர்கள் கை. அங்குள்ளவர்களே நன்றாகச் செய்யும் ஊர் என்றால், ஐயா, பணத்தைத் தயங்காமல் அனுப்புங்கள்.

தென்காசிப் பக்கம் என் தங்கை பேரனுக்குப் பெருமூளை வாதம். வயது ஆறு. இங்கிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு போகட்டுமா? (ஈசூன், பாட்டி)

வாங்காதீர்கள் அம்மா. பிள்ளையைப் பார்க்காமல் வாங்கும் நாற்காலி பெரும்பாலும் பொருந்தாது. தென்காசிக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. தானும் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. முதலில் பேரனை அங்கே காட்டச் சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். அரசு உதவிக் கருவிகளுக்கு அதுதான் வாசல். நீங்கள் பணமாக உதவினால், சிகிச்சைக்குப் போய்வரும் வண்டிச் செலவுக்குக் கொடுங்கள். அது இல்லாமல்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓடுகிறீர்களே, இங்குள்ள பிள்ளைகள்? (அங் மோ கியோ)

இங்கே வழி இருக்கிறது. அரசின் உதவித் தொழில்நுட்ப நிதியில், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான ‘எனேபளிங் வில்லேஜ்’ வளாகத்துக்குப் போய்க் கேளுங்கள். வாரநாள் முழுவதும் நான் பார்ப்பதும் இங்குள்ள பிள்ளைகளைத்தான்.

எனக்கு 68 வயது. கனம் தூக்க முடியாது. ஆனால் மலாய் நன்றாகப் பேசுவேன். (கேலாங் பாரு)

அண்ணே, பாத்தாம் போகும்போது உங்களைப் போன்றவரைத்தான் தேடுகிறோம். படகில் ஒரு மணி நேரம். காத்திருக்கும் அம்மாக்களிடம் பேச வேண்டும். வீட்டு வாசலில் எத்தனை படி, பள்ளிக்கு எவ்வளவு தூரம், பகலில் பிள்ளை யாரோடு இருக்கிறது, எங்கே வலிக்கிறது. இதெல்லாம் தெரியாமல் நான் எழுதிக் கொடுக்கும் நாற்காலி, வீட்டு வாசலுக்குள் நுழையாமல் வெளியே நிற்கும்.

பிள்ளைகளின் படங்களைப் போட்டு நிதி திரட்டலாமா? (செங்காங், இளையர் குழு)

பெற்றோர் முழு மனதோடு சம்மதித்தால், பிள்ளையின் மானத்துக்குக் குறைவில்லாத படம் என்றால் சரி. அழும் முகமும் எச்சில் வழியும் வாயும் வேண்டாம். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். உண்டியலைத் தூக்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

நாற்காலியில் வைத்தவுடன் பிள்ளை அழுதால்? (உட்லண்ட்ஸ் தாய், மறுபடியும்)

அழும். படுத்தே பழகிய உடம்பு. முதல் நாள் அரைமணி நேரம் போதும். நாற்காலியிலிருந்து எடுத்ததும் உடையை விலக்கி, உட்காரும் எலும்பு, வால் எலும்பு, முதுகு, பட்டை பட்ட இடம் எல்லாம் பார்க்கச் சொல்கிறோம். சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறைந்தால் மெல்ல நேரத்தைக் கூட்டலாம். மறையவில்லை என்றால் நாற்காலியை நிறுத்திவிட்டு, அங்குள்ள சிகிச்சையாளரை உடனே கூப்பிட வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவு, புண் வந்தாலும் அழமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேகமாக வளரும் பிள்ளை என்றால் அதற்கு முன்பே, மறுபடி அளவெடுத்துக் கால்மிதியையும் இருக்கை ஆழத்தையும் மாற்ற வேண்டும்.