மாருதி 800 முன் சஸ்பென்ஷன்: ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு வேண்டாம்

"பழைய மாருதி 800, முன்பக்கம் மொத்தமும் கழற்றியாச்சு. லோயர் ஆர்ம் புஷ், ஷாக் எல்லாம் புதுசு. எந்த வரிசையில் மாட்டணும்? எல்லா நட்டையும் ஜாக்கியிலேயே முறுக்கிடலாமா?" என்று சேலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஏற்காடும் ஏறும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. லோயர் ஆர்ம் போல்ட்டை அப்படி முறுக்கவே கூடாது. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைப் பாடியோடு கீழே இணைக்கும் கை, புஷ் அதன் உள்முனையில் உள்ள ரப்பர். அந்தப் புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும், குழாய் சுழலாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். அதோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் புது புஷ் சீக்கிரமே கிழியும். பழி "டூப்ளிகேட் ஸ்பேர்" மேல் விழும். "நாங்க காலங்காலமா தொங்கவிட்டுத்தான் முறுக்குறோம்" என்று பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள். அவர்கள் மாட்டிய புஷ்ஷை ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்க்கட்டும்.

இனி வரிசை. பின்சக்கரங்களுக்கு அடை கொடுத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள்.

ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை, வெளியிலேயே கோர்க்க வேண்டும். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி இழுத்தால் உள்ளிருக்கும் காற்று விலகும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிரே போட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கயிறு, கம்பி கட்டி ஸ்பிரிங்கை அமுக்கும் வேலை உயிருக்கு ஆபத்து. ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே "டங்" என்று திரும்பி உட்காரும். ஷாக் ராடைப் பிளையரால் பிடிக்காதீர்கள். குரோம் கீறினால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். மேலே உள்ள ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், பிறகு இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து லோயர் ஆர்ம். உள்பக்கப் போல்ட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்டெபிலைசர் பார் (இரு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் வளைந்த கம்பி) முனையை ஆர்முக்குள் நுழைத்து, வாஷர்களைக் கழற்றிய அதே திசையில் போடுங்கள். இந்த வண்டியில் ஆர்மை முன்பின் நகராமல் பிடிப்பதும் அந்தப் பார்தான். அதன் ரப்பர் நைந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு இழுக்கும், எந்த அலைன்மெண்ட்டும் (சக்கரங்களின் கோண அமைப்பு) நிற்காது.

பிறகு ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகளை லூசாக மாட்டி, ஆக்சிலை ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நுழைத்து, ஹப்பைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு இரண்டு போல்ட்டில் சேருங்கள். நக்கிள் வெளியே சாய்ந்தால் ஆக்சிலின் உள்ஜாயிண்ட் பிடுங்கிக்கொள்ளும், ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. பால் ஜாயிண்ட் (ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு) தண்டில் ஒரு பள்ளம் இருக்கும், குறுக்குப் போல்ட் அதில் சரியாக விழ வேண்டும். டை ராடு எண்டின் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள், துடைத்து உலர்வாக மாட்டுங்கள். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின்னைப் புதிதாகவே போடுங்கள். பிரேக் காலிப்பரை மாட்டும் வரை ஹோஸில் (பிரேக் எண்ணெய்க் குழாய்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

இப்போது சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பானெட் மேல் நாலு முறை அழுத்தி, இரண்டடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் பள்ளம் உள்ள பட்டறையில் ஆர்ம் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் கிளாம்ப்பையும் இந்த நிலையில் இறுக்குங்கள். பள்ளம் இல்லையென்றால், பால் ஜாயிண்ட் அருகே ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டிலிருந்து மயிரிழை எழும்பும் வரை தூக்கிவிட்டு இறுக்கலாம். டார்க் (இறுக்க வேண்டிய முறுக்குவிசை) அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், யார் வாய்ச்சொல்லையும் கேட்க வேண்டாம்.

சம்பந்தமில்லாத ஒரு ஆதங்கம்: மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. 796 சிசி வண்டி முழு லோடில் கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை நின்றுவிட்டால் திரும்பக் கிளப்ப கிளட்ச் படும் பாடு, மேலிருந்து ஹாரன் அடித்தபடி வருபவர்களுக்குப் புரிவதே இல்லை.

அலைன்மெண்ட்டை உடனே பார்த்துவிடுங்கள். முதல் ஏற்காடு பயணம் முடிந்து அடிவாரம் வந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துச் சோதியுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, ஹோஸ் எங்கும் உரசவில்லையா என்றும் பாருங்கள்.